பார்டரில் வராத மயில்

வீட்டில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டால், மின்சாரத்தில் ஓடும் எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மிக்ஸி, இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் வரை நான் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன், சரிசெய்தேன் என்று சொல்லவில்லை. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருந்தால் பல விஷயங்கள் அன்றன்றே முடிந்திருக்கும். அந்த வயதில் அது என் வாயில் வராது. (இப்போதும் சுலபத்தில் வருவதில்லை. ஆனால் என் திமிருக்கு வீட்டில் ஒரு மருந்து இருக்கிறது.)

என் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. பெண் பெயர் காயத்ரி. ஊர் ஏனாத்தூர், வேலை கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுப்பது. முகூர்த்தப் புடவையைத் தானே நெய்து தருவதாக என் அம்மாவின் தம்பி ஏகாம்பரம் மாமா சொல்லியிருந்தார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பார்டரில் மயில் வரிசையாகப் போக வேண்டும். பெரியம்மா தன் மருமகளுக்கு அன்னம் வைத்துவிட்டாள், அதை மிஞ்ச மயிலை விட்டால் வேறு பறவை கிடையாது.

மாமாவின் தறிக்கு மேலே பழைய துளை அட்டைகள் இல்லை, எலெக்ட்ரானிக் பெட்டி ஒன்று இருந்தது. எந்த இழை எழும்ப வேண்டும் என்று அதுதான் தறிக்குச் சொல்லும். அந்தப் பெட்டிக்கு டிசைனை அனுப்ப மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டுக்கும் நடுவே சீரியல் கேபிள் என்னும் தடித்த ஒயர். உடலுக்கும் முந்தானைக்குமான டிசைன்கள் பெட்டிக்குள் போய்விட்டன. பார்டர் மட்டும் பாக்கி இருந்தபோது ஒரு பல்லி கம்ப்யூட்டருக்குள் புகுந்து, தானும் போய் அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட வெளியூரிலிருந்து பஸ் ஏறி ஆள் வரும் ஊர் இது. அதனால் பல்லியை யாரும் திட்டவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்புடன் போய் இறங்கினேன். டிசைன் அனுப்பும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும், என் லேப்டாப்போ புத்தம் புதிது. ஆகவே லேப்டாப்புக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உருவாக்கி அதில் பழைய விண்டோஸைக் குடிவைத்தேன். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்கு ஒரு பொய் சீரியல் போர்ட். உள்ளே இருப்பது, தனக்கு நிஜமாகவே ஒரு போர்ட் இருக்கிறது என்று நம்பி டிசைனை அனுப்பும். வெளியே இருக்கும் லேப்டாப் அதை வாங்கி நிஜ ஒயரில் தள்ளிவிடும். இதை மாமாவுக்கு இருபது நிமிடம் விளக்கினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் விளக்கினேன்.

சோதித்துப் பார்க்க, லேப்டாப் திரையிலேயே அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தேன். உள்ளேயிருந்து 'வணக்கம்' என்று தட்டியதும் ஜன்னலில் வந்தது. ஜன்னலில் 'சாப்டியா' என்று தட்டியதும் உள்ளே போய்ச் சேர்ந்தது. மாமா குனிந்து திரையைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே டப்பாக்குள்ளதானபா இருக்குது? அதுங்களே பேசிக்கினு இருந்தா தறிக்கு யாரு சொல்றது?”

அன்று அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அது. நான் சிரித்துவிட்டு ஒயரைச் செருகினேன். செருகுவதற்கு முன் அந்தச் சோதனை ஜன்னலை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

உள்ளே இருந்த மென்பொருள் 'அனுப்புகிறேன்' என்றது. பெட்டியில் விளக்கு சிவப்பாகவே இருந்தது. (உள்ளே ஒரு செட்டிங்கை மாற்றி வைத்திருந்தேன் என்பது பின்னால் தெரிந்தது.) ஒரு மணி நேரம் போனது. இரண்டாவது டீயும் வந்துவிட்டது. மெஷின் மக்கர் செய்தால் திட்டுவது என் வழக்கம். வாயால் திட்டினால் மாமா காதில் விழும், இருபது நிமிட விளக்கம் வீணாகிவிடும். அதனால் திறந்து கிடந்த ஜன்னலில் தட்டினேன். தமிழ்தான், ஆங்கில எழுத்தில்: வேலை செய்டா சனியனே. தட்டியதில் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. மறுபடி தட்டினேன். கை வலித்ததும் நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் விளக்கு பச்சையானது.

மாமா கை கூப்பினார். சின்ன வேலைதான் என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது மாமாவிடமிருந்து போன் வந்தது.

“பார்டர்ல மயிலு வர்லபா. புள்ளி புள்ளியா வருது.”

புது முறையில் ஆரம்பம் அப்படித்தான் இருக்கும், பெட்டி என்ன சொல்கிறதோ அதை நெய்யுங்கள், யாரும் எதையும் தொட வேண்டாம் என்றேன். மயில் எதற்காக லேட்டாக வர வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. மூன்று நாள் கழித்து, இன்னும் வரவில்லை என்றார். பொறுமையாக இருக்கச் சொன்னேன். முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்த மனிதர், படித்த பையன் சொல்கிறானே என்று மயிலுக்காகக் காத்துக்கொண்டே புடவை முழுக்க நெய்து முடித்தார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமா புடவையை விரித்தார். அரக்கு உடல், பச்சை பார்டர். பார்டர் நெடுகிலும் ஜரிகைப் புள்ளிகள். அம்மா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்து தேடிக்கொண்டு போனாள்.

“மயிலு எங்கடா?”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, “இப்ப இதான்கா எல்லாரும் கேக்கறாங்க,” என்றார்.

அந்த நொடியில் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் பார்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு இடம், ஒவ்வொரு இடத்திலும் ஒன்று அல்லது சுழியம். இங்கே ஜரிகை எழும்பியிருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். இரண்டு சொல்லுக்கு நடுவே விடும் இடைவெளிக்கு ஒரே ஒரு புள்ளி. விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். முதல் சொல் வேலை. அதற்கு மேல் எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மயில் இன்னும் லேப்டாப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. நான் மூடாமல் விட்ட ஜன்னல் ஒயரைப் பிடித்துக்கொண்டதால், பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது அதில் நான் தட்டிய வசவு மட்டும்தான்.

வேறு புடவை நெய்ய நாள் இல்லை. வாங்கிவிடலாம் என்றால், மாமா தன் கையால் நெய்ததை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு நானே ஒரு தைரியம் சொல்லிக்கொண்டேன். மண்டபத்துக்கு வரும் அத்தனை பேரில் இதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கப் போவதில்லை. மணப்பெண்ணை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

முகூர்த்தத்தன்று காயத்ரி அந்தப் புடவையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமா என்று பெரியம்மாவே அசந்துபோனாள். எனக்கு மட்டும் தெரிந்தது, மடியில் கிடந்த பார்டரில் அவள் ஆள்காட்டி விரல் எட்டெட்டாக நகர்ந்துகொண்டிருந்தது. தாலி கட்டும்போது கூட அந்த விரலை எடுத்த இடத்தை மறக்காமல் திரும்ப அங்கேயே வைத்தாள்.

ஹோமப் புகைக்கு நடுவே மெதுவாகக் கேட்டாள்.

“யாருங்க சனியன்?”

“மெஷினு.”

“எந்த மெஷினு?”

“உள்ள இருக்கறது. அதுக்குதான் சொன்னேன், ஆனா தறிக்குப் போய்டுச்சு.”

அவள் இன்னும் ஒரு முறை பார்டரைப் பார்த்தாள். அந்த நேரத்தில் எழுந்து போய்விடுவாளோ என்று நான் உண்மையாகவே பயந்தேன்.

“ஸ்பேஸெல்லாம் கரெக்டா விட்டிருக்கீங்க,” என்றாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று அவளுடைய அம்மாவும் அழ ஆரம்பித்துவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கல்யாணத்தில் புடவையைப் பார்த்த நாலு பேர், அதே பார்டர் வேண்டும் என்று மாமாவிடம் வந்தார்கள். அப்புறம் அவர்களைப் பார்த்தவர்கள் வந்தார்கள். அவர் அதற்கு 'இன்ஜினியர் பார்டர்' என்று பெயர் வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னபோது, “நல்லாத்தான இருக்குது, உட்டுடுபா,” என்று அடுத்த புடவைக்கான பாவு நூலைத் தறியில் பூட்டப் போய்விட்டார். இன்று எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் காயத்ரி முதலில் பெண்ணின் பார்டரைத்தான் பார்ப்பாள். சில இடங்களில் என் விலாவில் ஒரு இடி விழும். தலை குனிந்து மணையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போவேன்.

அந்த மருந்தைச் சொல்லவில்லையே. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சோபாவில் சாய்ந்துகொண்டு, கேட்காதவர்களுக்கெல்லாம் எதையாவது விளக்கிக்கொண்டிருப்பேன். காயத்ரி பீரோவைத் திறந்து அந்தப் புடவையை எடுத்து, பார்டர் என் கண்ணில் படும்படி நாற்காலியில் போட்டுவிட்டுப் போவாள். நான் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போவேன்.

அம்மாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. கல்யாணப் புடவையைப் பார்த்தாலே பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு வருகிறது பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.