கேமராப் பெட்டிக்குள் வைத்த குங்குமம்

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீரழுத்தம் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு கேமராவை மூழ்கடித்துக் கொன்றவனும் நானேதான். இரண்டும் ஒரே ஆள் என்பதை என் மாணவர்கள் யாரிடமும் இன்றுவரை சொன்னதில்லை. (அவர்களாகவே கேள்விப்பட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

கேமரா என்னுடையதும் அல்ல. என் மனைவி கோமதியின் தம்பி சண்முகத்துடையது. அவனுக்குத் தூத்துக்குடியில் கடல் ஆராய்ச்சி சம்பந்தமான ஒரு தற்காலிக வேலை. கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளைப் படமெடுத்துவரும் பொறுப்பை முதல்முறையாக அவனை நம்பிக் கொடுத்திருந்தார்கள். சரஸ்வதி பூஜை கழிந்து வரும் சனிக்கிழமை படகு. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அவனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் கேமராவைக் கேட்டேன். வாசகர் வட்டத்தில் தாமிரபரணி மீன்களைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எங்களுடையது சுத்த சைவக் குடும்பம். மீனை நான் நெருக்கத்தில் பார்த்ததெல்லாம் பாடப்புத்தகத்தில்தான். அந்தக் குறையை நானே எடுத்த படங்களைக் காட்டி மறைத்துவிடலாம் என்று ஒரு திட்டம்.

சண்முகம் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தான். கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. கேமராவை அதற்குள் வைத்து, பின்கதவை மூடி, தாழ்ப்பாளை அழுத்த வேண்டும். கதவின் விளிம்பைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம். குக்கர் காஸ்கெட்டின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. ஆற்றுக்கும் கேமராவுக்கும் நடுவில் நிற்கும் காவல் அது ஒன்றுதான்.

"இதுல ஒரு தலமுடி கெடந்தாப் போதும் அத்தான், ஒரு மணல் போதும். தண்ணி உள்ள வந்துரும்," என்றான். வளையத்தைத் துடைக்க ஒரு மெல்லிய துணியும், கடுகளவு தடவ ஒரு பசையும் தந்தான். முதலில் பெட்டிக்குள் கேமரா வைக்காமல், டிஷ்யூ காகிதம் மட்டும் வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கிப் பார்க்கச் சொன்னான். காகிதம் நனையாவிட்டால்தான் கேமராவை வைக்க வேண்டுமாம். நான் அவனைப் பார்த்துப் புன்னகைத்தேன். நீரழுத்த வாத்தியாருக்கே நீரழுத்தமா என்று அர்த்தம்.

ஆனால் அவன் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். துடைத்தேன், தடவினேன், வாளியில் அமுக்கினேன். அரைமணிக்குப் பதில் ஒருமணி நேரம். காகிதம் அப்பளம் போல் காய்ந்திருந்தது. கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு கேமராவை உள்ளே வைத்து மூடினேன். அத்தோடு நான் நேரே ஆற்றுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மறுநாள் சரஸ்வதி பூஜை. வீட்டிலுள்ள ஆயுதங்களெல்லாம் வரிசைக்கு வந்தன. அரிவாள்மணை, சுத்தியல், ஸ்கூட்டர், என் கால்குலேட்டர். கேமராவும் ஆயுதம்தானே? எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தவன், பெட்டியைக் கையில் எடுத்ததும் யோசித்தேன். வெளியே வைத்தால் ஆற்றில் இறங்கியதும் கரைந்துபோகுமே. சாமிக்கு வைத்தது நிலைக்க வேண்டாமா? இங்கேதான் என் அறிவியல் மூளை விழித்துக்கொண்டது. கதவைத் திறந்தேன். உள்பக்கத்தில், நான்கு மூலைக்கு நான்காக, விளிம்பை ஒட்டி அழகாகப் பொட்டு வைத்து மூடினேன். ஓரத்தில் கொஞ்சம் ஈஷியது. பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

விஜயதசமியன்று காலை, ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணிக் கரை. கோமதி துண்டோடு படித்துறையில் உட்கார்ந்துகொண்டாள். சற்றுத் தள்ளி, குலசேகரன்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போகிற தசராக் குழு ஒன்று குளித்து, நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டிக்கொண்டிருந்தது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, குனிந்து, பெட்டியை அமுக்கினேன்.

அடடா! கண்ணாடிக்கு முன்னால் கெண்டைக் குஞ்சுகள். அதைவிட அழகு, ஓர் ஓரத்திலிருந்து முத்து முத்தாக மேலேறிய குமிழ்கள். மீன்தான் மூச்சு விடுகிறது என்று நினைத்து மெய்சிலிர்த்தேன். (மீன் குமிழ் விட்டு மூச்சு விடுவதில்லை என்று ஏழாம் வகுப்புக்கு நடத்துகிறவனும் நான்தான்.) குமிழ்களையும் சேர்த்துப் பதினோரு படம் எடுத்தேன். குமிழாக வெளியே போவது பெட்டிக்குள் இருந்த காற்று என்றால், உள்ளே வருவது என்ன என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்குமேல் சிவப்பாகத் தண்ணீர்.

வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததோ தெரியாது. படித்துறையில் யாரோ, "ஆள என்னமோ கடிச்சிட்டுது வே, ரத்தம் வருது," என்றது காதில் விழுந்தது. மறுகணம் பின்னாலிருந்து ஒரு கை என் பிடரியைப் பற்றியது. திரும்பினால், காளி. பாதி முகத்துக்கு நீலச் சாயம், வாயில் தொங்கும் நாக்கு, முதுகில் கட்டிய மரக்கைகளோடு மொத்தம் எட்டுக் கை. பொட்டு வைத்த இடம் பிடிக்காமல் அம்மனே நேரில் விசாரிக்க வந்துவிட்டாள் என்று அந்த நொடி சத்தியமாக நம்பினேன்.

காளி நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கன கடிச்சுது அண்ணாச்சி? காலா, கையா?" என்றார்.

"ரத்தம் இல்ல. குங்குமம்," என்றேன்.

பெட்டியை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பெட்டிக்குள்ள எதுக்குவே குங்குமம்?"

(அண்ணாச்சியாக இருந்த நான் 'வே' ஆன கணம் அது.)

பதறிப்போய், தண்ணீரை வடிக்கிறேன் என்று பெட்டியைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தேன். அதுவரை நனையாமலிருந்த பாகங்களும் முறையாக நனைந்தன. கரையேறிச் சண்முகத்துக்குப் போன் செய்தேன். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டாக்டர் மாதிரி நிதானமாகக் கேட்டான்.

"தண்ணி வந்ததும் லென்சு இருக்க பக்கத்தக் கீழ பாத்துப் புடிச்சியளா? முன்னால தேங்கியிருக்கும், கேமரா தப்பிச்சிருக்கும்."

இல்லை என்றேன்.

"வாளில போட்டுப் பாத்தியளா?"

"ஒருமணி நேரம்!"

"அதுக்குப் பொறவு தெறந்தியளா?"

நான்கு பொட்டையும் சொன்னேன். பிறகு, எவ்வளவு ஆழம் என்று கேட்டான். இடுப்பளவு என்றேன்.

"ஆழத்துல தண்ணியே கதவ அழுத்திப் புடிச்சுக்கிடும் அத்தான். மேலாகத்தான் அழுத்தம் பத்தாது, இத்தினி குங்குமம் கெடந்தாலும் ஒழுகும். நீரழுத்தம், அதான்," என்றான். பிறகு கேட்டான்: "சனிக்கிழம நான் என்ன செய்ய?"

மண்டபம் என்ற ஊரில் அவன் சிநேகிதர் ஒருவரிடம் இதே மாதிரி கேமராவும் பெட்டியும் இருந்தன. வியாழக்கிழமை பஸ் ஏறிப் போய் இரவல் வாங்கி, வெள்ளிக்கிழமை தூத்துக்குடி வரை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். வழியில் என் தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறக்கவில்லை. சண்முகம் என் கையைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான், பிறகு பெட்டியைத் திறந்து நான்கு மூலையையும் பார்த்தான். சனிக்கிழமை கடலில் இறங்கினான். மூன்று மாதம் கழித்து வேலை நிரந்தரமானது.

செத்த கேமராவிலிருந்து மெமரி கார்டு மட்டும் பிழைத்தது. பதினோரு படம்; ஒவ்வொன்றாக ரோஸ் நிறம் ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டாவது நான் எடுத்ததல்ல. பதற்றத்தில் விரல் பட்டிருக்கிறது. செக்கச்செவேலென்ற தண்ணீர் வழியாக எட்டுக் கையோடு காளி. உறவில் எல்லோருடைய போனிலும் அது இருக்கிறது.

மறுவருடம் சரஸ்வதி பூஜைக்குச் சண்முகம் வந்தான். செத்ததற்குப் பதிலாக வாங்கிய புதுக் கேமராவைத் தூத்துக்குடியிலேயே பத்திரமாக விட்டுவிட்டு வந்தான். கோமதி ஒவ்வொரு சாமானாக எடுத்து, "இது வெளிப்பக்கந்தானே?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டுக் கேட்டுப் பொட்டு வைத்தாள். கடைசியில் கிண்ணத்தில் குங்குமம் மிஞ்சியது. எதில் வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

சண்முகம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "அத்தான் நெத்தியில வை அக்கா. எவ்வளவு வச்சாலும் அதுக்குள்ள மட்டும் ஒண்ணும் எறங்காது."