கரையாத சர்க்கரையும் காய்ந்த சோடாவும்

பெண் பார்க்கப் போன இடத்தில் அசடு வழிந்தவர்கள் ஏராளம். சொந்த வீட்டிலேயே வழிந்தவன் நான். அதற்காக மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர் தன் விதிப்படி நடந்து என் மானத்தை வாங்கியது, அவ்வளவுதான்.

வெள்ளகோவிலிலிருந்து கவிதாவும் அவள் அப்பாவும் துடியலூரில் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தது ஒரு சித்திரை மத்தியானம். சம்மதமா இல்லையா என்பதை அன்று கவிதா சொல்ல வேண்டும். எனக்கு அவள் போட்டோவைப் பார்த்த அன்றே தூக்கம் போய்விட்டது. சமையலறையில் கை வைக்கிற மாப்பிள்ளை என்று காட்டிக்கொள்ளும் வெறியில், அம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு ஜூஸ் போட நானே போனேன்.

டம்ளர் நிறைய ஐஸ், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், கடைசியாகச் சர்க்கரை. கலக்கினேன். கரையவில்லை. இன்னும் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன்.

"என்ன கண்ணு, உள்ள பூசை பண்றயா? மணிச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது" என்றார் அம்மா.

நான் வேதியியல் வாத்தியார். ஜில் தண்ணீரில் சர்க்கரை லேசில் கரையாது என்று அந்த வாரம்தான் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வரைபடம் போட்டு விளக்கியிருந்தேன். தெரியாமல் செய்யவில்லை, தெனாவட்டாகச் செய்தேன்.

கவிதா ஒரு வாய் குடித்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "நல்லா இருக்குதுங்க" என்றாள். (எங்கள் ஊர் மரியாதை! விளக்கெண்ணெயைக் கொடுத்தாலும் 'போதுங்க' என்பார்கள், 'வேண்டாம்' என்று வராது.)

அவள் அப்பா கும்பிட்டார். "எனக்கு சக்கரை இருக்குதுங்க தம்பி. வெறும் சோடா போதுங்க."

(என் ஜூஸையே அவர் தைரியமாகக் குடித்திருக்கலாம். சர்க்கரை முழுக்க அடியில்தான் கிடந்தது.)

காலையில் வாங்கிய சோடா பாட்டில்கள் கார் டிக்கியிலேயே வெயிலில் வெந்துகொண்டிருந்தன. ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்து, அவர் எதிரிலேயே ஸ்டைலாக மூடியை நெம்பினேன்.

அடுத்த நொடி அவருடைய வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மீசையிலிருந்து சொட்டியது.

"பரவாயில்லீங்க தம்பி, வெயிலுக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்தது. ஆனால் வாய் அடங்கினால்தானே?

"தப்பு எம்மேல இல்லீங்க! சக்கரை கரையச் சூடு வேணும். கேஸ் தண்ணிக்குள்ள அடங்கி நிக்கக் குளுரு வேணும். சூடு ஏறுனா அது வெளிய ஓடத்தான் பாக்கும். ரெண்டும் இடம் மாறிப்போச்சு, அவ்வளவுதானுங்க!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கவிதா டம்ளரை நீட்டினாள். "பாடம் புரிஞ்சுதுங்க சார். ஒரு ஸ்பூன் குடுத்தீங்கன்னா அடியில இருக்கறதையும் தின்னுபோட்டுப் பதில் சொல்றேனுங்க."

ஸ்பூன் கொடுத்தேன். சர்க்கரையை வழித்துத் தின்றுவிட்டு, ஈரச் சட்டையோடு இருந்த அப்பாவிடம் திரும்பினாள். "எனக்குச் சம்மதமுங்கப்பா. இவரு ஊட்ல பொழுது நல்லாப் போகும்."

இன்றைக்கும் வெள்ளகோவில் போனால் எனக்கு ஜூஸோடு ஒரு ஸ்பூனும் வரும். மாமனார் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு, "ஏனுங்க மாப்ள, சோடா ஃபிரிட்ஜுல இருந்துதானுங்க வருது, நானும் இங்கயே உக்காரலாங்களா?" என்பார்.

உட்காரட்டும். தண்ணீரின் விதி அன்றும் சரிதான், இன்றும் சரிதான். சட்டை மட்டும்தான் நனைந்தது.