உரசாதீக அண்ணாச்சியும் எங்கள் ஜன்னல் திரையும்

விருதுநகர் மாவட்டத்திலேயே ஒரு நாற்காலியைக்கூடத் தரையில் இழுக்காமல் அறுபது வயதைத் தொட்ட மனிதர் ஒருவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. எங்கள் பட்டாசுக் கம்பெனியில் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் ‘உரசாதீக அண்ணாச்சி’தான்.

கம்பெனி நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ஆபீசில் ஆர்டர் பார்த்தேன். அவர் மருந்து அடைக்கும் ரூம்களுக்குப் போர்மேன். பட்டாசு மருந்துக்கு உராய்வு ஆகாது. இரும்பும் இரும்பும் தேய்ந்தாலும் ஆபத்து, நைலான் சேலை சரசரத்தாலும் ஆபத்து. ஆகவே ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை “உரசாதீக! உரசாதீக!” என்று கத்துவது அவர் வேலை. சாயந்திரம் கம்பெனி வாசலைத் தாண்டினால் வேலை முடிந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இரும்பு நாற்காலியை இழுத்துப்போட்ட மாப்பிள்ளையின் சித்தப்பாவை எழுப்பி, “தூக்கி வைங்க, இளுக்காதீக!” என்று ஒரு சத்தம் போட்டார். மிரண்டுபோய் முந்நூறு பேர் ஆளுக்கொரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். வாசலில் நின்றவர்கள் அடிதடி என்று நினைத்து ஓடினார்கள். இன்னொரு தடவை சாத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் தலை சீவினார் என்பதற்காக அண்ணாச்சி நடுவழியில் இறங்கிவிட்டார். எண்ணெய் வைக்காத தலையில் பிளாஸ்டிக் சீப்பாம்.

இப்படிப்பட்டவரிடம் என் வீட்டுத் திரைச்சீலையைப் பற்றி நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

சிவகாசியில் வீடு கட்டி முடித்து, பால் காய்ச்சப் பத்து நாள் இருந்தது. நானும் என் மனைவி செல்வியும் விருதுநகரில் ஒரு ஸ்கிரீன் துணிக் கடைக்குப் போனோம். துணியை ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டோம். அப்புறம் கடைக்காரர் கேட்டார்: “தலைப்பு எப்படி வைக்க?”

“கட்டுரையா எழுதப் போறோம், தலைப்பு வைக்க?” என்றேன்.

“ஸ்கிரீனோட மேல்பக்கத்தைச் சொல்லுதேன் சார். ரிங் அடிச்சா கம்பியில சர்ருன்னு ஓடும். கொசுவம் மாதிரி மடிப்பு வச்சுக் கொக்கியில மாட்டலாம். நாடாவுல லூப் போட்டுத் தொங்க விடலாம். இல்லன்னா துணியவே பை மாதிரி தச்சுக் கம்பிய உள்ள நுளைச்சிரலாம். எது வைக்க?”

மூன்றாவதைக் கேட்கும்போதே எனக்கு முதலாவது மறந்துவிட்டது. செல்வி ரிங் என்றாள். நான் மடிப்பு என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கடைக்காரர் பாவப்பட்டு நான்கிலும் ஒவ்வொரு மாதிரியைக் கொடுத்து, வீட்டில் மாட்டிப் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் ஆபீசில் இதைப் புலம்பினேன். தண்ணீர் குடிக்க வந்த அண்ணாச்சி டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

“ஞாயித்துக்கெளம வாறேன் தம்பி. அதுவரைக்கும் ஒண்ணையும் மாட்டாதீக.”

வந்தார், செருப்பில்லாமல். செல்வி ரிங் வைத்த மாதிரியைக் கம்பியில் கோத்து ஓர் இழுப்பு இழுத்தாள். ‘கிரீச்’ என்றது.

“எல்லாரும் வெளிய வாங்க!”

அடுத்த நிமிஷம் நாங்கள் தெருவில் நின்றோம். பக்கத்து வீட்டு டீச்சரும் கையில் கரண்டியோடு நின்றார். எதற்கு ஓடி வந்தோம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அடுத்து மடிப்பு. “கொக்கி இரும்பு. கீள விளுந்தா?” என்றார் அண்ணாச்சி.

“விளுந்தா எடுத்துக்கிடுவோம்” என்றாள் செல்வி.

“நீங்க எடுப்பீக. அதுக்குள்ள?”

அதுக்குள்ள என்ன ஆகும் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. பை மாதிரி தைத்தது பாலியஸ்டர் என்பதால் தொடாமலே தள்ளிவிட்டார். பருத்தி நாடா போட்ட லூப் மட்டும் பாஸானது. ஆனால் அது கம்பியில் நகரவே இல்லை.

“இளுத்தா வரமாட்டேங்குதே அண்ணாச்சி?”

“அதாந் தாயி அதுல விசேசம்.”

இதற்குள் என் தலை சுற்றியது. ரிங் ஆபத்து என்றும் நம்பினேன், ஆபத்தே இல்லை என்றும் நம்பினேன். செல்விக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்ணாச்சி, இது வீடு. இங்கன மருந்தா இருக்கு?”

அவர் தரையைப் பார்த்தார், சுவர் மூலைகளைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இல்ல தாயி. இல்லதான். எனக்குத்தான் வித்தியாசம் தெரிய மாட்டேங்குது. எங்க வீட்டுலயும் பிள்ளைக சிரிக்குதுக.”

பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று சாயந்திரம் செல்வியின் அக்கா மாரி வந்தார். அண்ணாச்சியின் ரூமில் மருந்து அடைப்பவர். நாங்கள் நடந்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

“அவரு ரூம்ல எடம் கெடைக்காதான்னு எம்புட்டுப் பேரு நிக்காக தெரியுமா? பன்னெண்டு வருசமா அந்தக் கத்தலைக் கேக்கேன். என் கையில ஒரு கொப்புளம் வந்ததில்ல, பாரு.”

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். செல்வி அந்தக் கைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். மறுநாள் காலையில், “லூப்பே வச்சிருவோம்ங்க” என்றாள். நான் அதற்குள் ரிங்குக்கு மாறியிருந்தேன். சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி ஒரு மஞ்சள் பையோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே மரத்தில் கடைந்த வளையங்கள். வெளியே சுவரோரம் மரக் கம்புகளும் சாத்தியிருந்தன.

“மரமும் மரமும் தம்பி. உரசுனாலும் ஒண்ணுஞ் செய்யாது. அது ஓடணும்னு தாயி ஆசப்பட்டுச்சுல்ல? நாலு கடைசல் பட்டறை அலைஞ்சேன்.”

இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கடைக்காரரே குழம்பிவிட்டார். கடைசியில் மேலே மடிப்பு வைத்து, ஒவ்வொரு மடிப்பிலும் நாடா லூப் தைத்து, லூப்பில் வளையத்தைக் கட்டித் தந்தார். அதற்குப் பெயர் என்ன என்று இன்றுவரை அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

பால் காய்ச்சிய அன்று, “நீங்களே மொத இளுங்க அண்ணாச்சி” என்றாள் செல்வி. அவர் இழுத்துத் திறந்தார். வளையங்கள் டொக் டொக்கென்று ஓடின. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இரண்டு டம்ளர் பாயசம் குடித்துவிட்டு, ஹாலில் ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். அந்த மனிதர் கண்ணை மூடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

எதிர்வரிசையில் டிபன் சாப்பிட உட்கார்ந்தவர்கள் முகத்தில் காலை வெயில் நேராக அடித்தது. யாரோ திரையை மூட எழுந்தார்கள். செல்வி ஓடிப்போய் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம், முளிச்சிருவாக.”

அன்று எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பொங்கல் சாப்பிட்டார்கள்.