சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த பெட்டி

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். வெளியூர் போகும்போது நீங்கள் எங்களிடம் விட்டுச் சென்ற கார் சௌக்கியம். உங்கள் பொம்மை விமானம், மன்னிக்கவும், மாடல் விமானம், ஏறக்குறைய சௌக்கியம். தரையில் நின்றபடி அதை ஓட்டுவதற்கு நீங்கள் கையில் வைத்திருக்கும் டிரான்ஸ்மிட்டரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீங்கள் "பரவால்ல மாமா" என்று சொல்லிவிடுவீர்கள். போன மாதம் என் முழங்கை இடித்து உங்கள் மூக்குக்கண்ணாடி உடைந்தபோதும் அதையேதான் சொன்னீர்கள். அது நிஜமான பரவாயில்லையா, மாமனாருக்காகச் சொன்ன பரவாயில்லையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கடிதமென்றால் தனியாக உட்கார்ந்து ஆசைதீரத் திட்டிவிட்டுப் பிறகு பதில் போடலாம்.

நடந்தது இதுதான். காரைச் சும்மா நிறுத்திவைக்காமல் அவ்வப்போது ஓட்டச் சொல்லியிருந்தீர்கள். வியாழக்கிழமை காலை நானும் அத்தையும் மருந்துக்கடைக்குப் போய் வந்தோம். நம் வீட்டு வாசல் சரிவு என்பது உங்களுக்குத் தெரியும். பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே, சரிவில் நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு ஒரு முட்டுக் கொடுக்காமல் எனக்கு உடம்பு சீட்டை விட்டு எழும்பாது. ஹேண்ட் பிரேக்கை நம்புகிறவன் டிரைவரே இல்லை என்பது என் கட்சி. அதற்கென்று வாசலில் ஒரு செங்கல் கிடக்கும். அன்றைக்கென்று பார்த்து அதைக் காணோம். பின்சீட்டில் உங்கள் வெள்ளி நிறப் பெட்டி இருந்தது. நல்ல கெட்டி. அளவெடுத்துச் செய்ததுபோலச் சக்கரத்துக்கடியில் பொருந்தியது. அதை நான்தான் வைத்தேன். நானே, என் கையால் வைத்தேன். அத்தைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் அந்தப் பக்கமே இல்லை. உள்ளே டிரான்ஸ்மிட்டர் இருப்பது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெரிந்தும் எப்படி வைத்தீர்கள் என்று கேட்பீர்கள். அதை மட்டும் கேட்காதீர்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், வண்டி ஒரு சாண் பின்னால் போயிற்று, பெட்டிக்குள் ஏதோ நொறுங்குவது டிரைவர் சீட்டுவரை கேட்டது.

திறந்து பார்த்தால் ஆன்டெனா மடங்கியிருந்தது, திரையில் விரிசல், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி ஒருக்களித்து நின்றது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? விமானத்தை ஹாலில் மேஜைமேல் வைத்து, நீங்கள் சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல் முதலில் டிரான்ஸ்மிட்டரையும் பிறகு விமானத்தையும் ஆன் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. குச்சியை லேசாக மேலே தள்ளினேன். நடந்தது. குச்சி மேலேயே சிக்கிக்கொண்டு, கீழே இழுத்தால் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. விமானம் மேஜையை விட்டுக் கிளம்பி, ஜன்னல் திரையைக் கிழித்து, அன்றைய நாளிதழை வீடெங்கும் விநியோகம் செய்து, ஃபிரிட்ஜில் மூக்கை முட்டி நின்றது. மிக்ஸியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டக் கூடாதா என்று பக்கத்து வீட்டு ஆசிரியை சுவருக்கு மேலாக எட்டிக் கேட்டார். இத்தனை வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காதவன், சொந்த வீட்டு ஹாலில் விபத்து நடத்திவிட்டேன்.

மூக்கை ஒட்டலாமென்று பசை வாங்கினேன். சீக்கிரம் ஒட்டும் என்றார் கடைக்காரர். இவ்வளவு சீக்கிரம் என்று சொல்லவில்லை. மூக்கோடு என் சட்டைக் கையும் ஒட்டிக்கொண்டது. ஒரு கையில் விமானத்தோடேதான் மத்தியானம் சாப்பிட்டேன். கடைசியில் அத்தை கத்தரிக்கோலோடு வந்து என்னைப் பிரித்தெடுத்தாள். விமானத்தின் தாடையில் நீலக் கட்டம் போட்ட துணி தெரிந்தால் அது என்னுடையது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது டிரான்ஸ்மிட்டர் வாங்கித் தந்துவிடுவேன், அது பெரிதில்லை. என் கவலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. ரிட்டையரான பிறகு மற்ற நாட்களில் எனக்குக் கிழமையே தெரிவதில்லை. ஞாயிறு காலை வாசலில் வந்து ஹாரன் அடித்து என்னை மைதானத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள். மோட்டாரை முடுக்கும்போது விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். "விடுங்க மாமா" என்றதும் விடுகிறேன், அது மேலே போகிறது. அவ்வளவுதான் என் வேலை. அந்த வேலைக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். மகன் இல்லையே என்ற குறை எனக்கு உண்டு. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வருவதில்லை. இனி டிரான்ஸ்மிட்டர் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்க மாட்டேன். வாலை மட்டும் என்னிடமிருந்து வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் ஏற்றிவிடும் எல்லாம் முழுசாக இறங்கட்டும்.

இப்படிக்கு,
விசாரணையை எதிர்நோக்கும் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தார், படிச்சுட்டேன். பெட்டியை வச்சது நான். செங்கல்லைத் தண்ணித் தொட்டி மூடிமேல வச்சதும் நான்தான். உங்க மாமா பிரேக்கை மிதிச்சுக்கிட்டு "ஏதாவது வை, ஏதாவது வை"ன்னு கத்தினார், நான் ஸ்பேனர் பெட்டின்னு நினைச்சு அதை எடுத்துச் சொருகிட்டேன். சீட்டை விட்டு இறங்கவே முடியாதவர் பின்சக்கரத்துக்கு எப்படி முட்டு வைப்பார்? பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுஷன். "மாப்பிள்ளை உன்னை ஒரு வார்த்தை தப்பா நினைக்கக் கூடாது, பழி என்னோட போகட்டும்"னு சொல்லிட்டார். மைதானம் போயிடுமோன்னு அன்னிலேருந்து சரியாச் சாப்பிடலை, அப்படியும் என்னைக் காட்டிக் குடுக்கலை. கல்யாணம் ஆன நாளிலேருந்து எனக்காக எவ்வளவோ விட்டுக் குடுத்திருக்கார், எல்லாத்தையும் பேசாம வாங்கிக்கிட்டேன். இந்த ஞாயித்துக்கிழமையை மட்டும் வாங்கிக்கறதா இல்லை. கோபப்படணும்னா என்மேல படுங்க. அவரைக் கூட்டிட்டுப் போங்க.