நான் தின்ற வெடிமருந்து

கூச்சப்படுகிறவன் ஒரு வம்புக்கும் போகமாட்டான் என்று ஊர் நினைக்கிறது. நான் ஒருநாள் வெடிமருந்தோடு ஆமியிடம் பிடிபட்டவன். (பயப்படவேண்டாம், அதைத் தின்றும் காட்டினேன்.)

யுத்த காலம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு அன்புவழிபுரத்தில் வீட்டில் சும்மா இருந்தேன். அப்போது சல்லியில் இருந்த மாமி வீட்டுக்குக் கனடாவிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதைத்து விளையாடும் விளையாட்டுக்கான புத்தகம். ஆனால் விதிகள் உள்ள முதற் புத்தகம் வரவில்லை. வந்தது அதற்குப் பிறகு வெளியான இணைப்பு. புதிய பாத்திரங்கள், புதிய மந்திரப் பொருட்கள், அவ்வளவுதான். சோறில்லாமல் சம்பல் மட்டும் வந்தது போல.

மாமியின் மகள் மாலதிக்கு இங்கிலிஷ் ஓடும். விதிகளை அவளே உண்டாக்கினாள். பகடை உருட்டுவதற்குப் பதில் புளியங்கொட்டை போட்டோம். நான் எடுத்த பாத்திரம், பேச்சாலேயே அரக்கரை மயக்கும் பாணன். (வீட்டில் பால்காரரிடம்கூட எனக்காக அம்மாதான் கதைப்பார்.)

மந்திரப் பொருட்களைச் செய்வதும் என் பொறுப்பு. பால்மாத் தகர ரின்னை வெட்டி ஞானக் கிரீடம். அம்மாவின் பழைய சேலைத் துண்டில், போர்த்தினால் ஆள் மறைந்துவிடும் போர்வை. அரிசிமாவில் மஞ்சள் கலந்து, அரக்கர் கூட்டத்தைச் சிதறடிக்கும் தூள். புத்தகத்தில் இருந்தபடியே ஒவ்வொன்றின் ஆங்கிலப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை.

எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு சல்லி பஸ் ஏறினேன். வழியில் சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். என் பையைத் திறந்த அதிகாரி கிரீடத்தைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். தூள் இருந்த காகிதச் சரையை எடுத்து, ஒட்டியிருந்த பெயரைப் படித்ததும் முகம் மாறியது. ‘வெடிக்கும் தூள்’ என்பதற்கான ஆங்கிலச் சொல் தெரியாத ஆமிக்காரர் அந்த நாளில் இல்லை.

துவக்குகள் என் பக்கம் திரும்பின. அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அங்கே ட்ரக்கில் ஏற்றினால் வீடு திரும்புவது நிச்சயமில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே அப்படிப் போய் வராதவர்கள் இருந்தார்கள்.

எனக்குப் பின்னால் கிண்ணியா ஊர் நானா ஒருவர் நின்றார். (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.) மீன் வாங்கப் போகிறவர். தோளில், மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டி. அதிகாரியிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு முன்னே வந்தார்.

“மகன், இது என்ன? செல்லுங்க.”

“வி... விளையாட்டுச் சாமான், நானா.”

“வெடிமருந்து வெச்சா விளையாடுறீங்க?”

“அரிசிமா. அரக்கருக்கு எறியிறது.”

நானா அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அரக்கர் ஆரெண்டு மட்டும் இங்க செல்லிப்போடாதீங்க. இதுல நீங்க ஆரு?”

“பாணன். பேச்சால... எல்லாரையும் மயக்கிறவன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “அல்லாஹ்! வாயத் தொறந்து கதைங்க மகன், என்ட ஐஸ் கரையுது.”

அவர் மொழிபெயர்த்து முடித்ததும் அதிகாரி சரையை என்னிடம் நீட்டினார்.

“தின்னட்டாம்” என்றார் நானா.

ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். பச்சை மா தொண்டையில் ஒட்டிக்கொண்டது. விழுங்க ஏலவில்லை. வந்தது ஓர் இருமல். அதிகாரியின் தொப்பி, மீசை, சட்டை எல்லாம் மஞ்சள்.

என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். நானா மெதுவாகச் சிங்களத்தில் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. கண்ணைத் திறந்தால், அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பையை என் கையில் திணித்து, போ என்று தலையை ஆட்டினார்.

பஸ் புறப்பட்ட பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. “நானா, அவரிட்ட என்ன சொன்னீங்கள்?”

“‘எழுதி ஒட்டினபடியே வெடிச்சிட்டுது ஐயா’ எண்டன்.” சாக்கைத் தடவிப் பார்த்தார். “பாதி ஐஸ் போச்சு.”

சல்லியில் இறங்கி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கடற்கரைப் பக்கம் நடந்துபோனார். நான் நன்றி சொல்லவில்லை, பெயரும் கேட்கவில்லை. பிறகு அந்த பஸ்ஸில் எத்தனையோ தரம் தேடினேன். காணக் கிடைக்கவில்லை. ஐஸ் கரைகிறது என்பது, எனக்காக முன்னே வர அவருக்கு ஒரு சாட்டு என்று இப்போது விளங்குகிறது. முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் துவக்குக்கு முன்னால் வர அந்த நாளில் யார் துணிந்தார்கள்?

மாலதி இன்று என் மனைவி. சாப்பிடும்போது எனக்குப் புரையேறினால் போதும், வளர்ந்த பிள்ளைகள் இரண்டும் மேசைக்குக் கீழே பாய்ந்து பதுங்கும். “அப்பா வெடிச்சிட்டார்!”

“ஓடிப்போய் நானாவைக் கூப்பிடுங்கோ!” என்று குசினி அடுப்படியிலிருந்து மாலதி கத்துவாள்.

பெயர் தெரிந்திருந்தால் நானே கூப்பிட்டிருப்பேன், பலத்த குரலில்.