முட்டை வாங்கும் பயிற்சி

ஜீவனஹள்ளிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒரு பெரிய கம்பெனி, தன் சமூகப் பொறுப்பை முன்னிட்டு, மனமுவந்து வழங்கியவை. அதே கம்பெனியில் சாஃப்ட்வேர் இன்ஜினீயரான பாலகுமார் சனிக்கிழமைதோறும் வந்து பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுத்தான். யாரும் வரச் சொல்லவில்லை. இவனாகவே வந்தான். தப்பு அங்கேதான்.

மூன்று வருஷம் கழித்துக் கம்பெனிக்கு ஒரு சந்தேகம். இதனால் ‘தாக்கம்’ ஏற்படுகிறதா? அளந்து பார்க்க வனஜா வந்தாள். தாக்க அளவீட்டு அதிகாரி. கழுத்தில் அட்டை, கையில் டேப்லட்.

"இப்ப ஒரு டெஸ்ட், ஆறு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாக்கம், பாலகுமார். வித்தியாசம் வரலேன்னா கம்ப்யூட்டர் வேற ஸ்கூலுக்குப் போயிடும்."

இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, ஒன்றைத் தொட வேண்டும். வகுப்பு முழுக்க இருபதுக்கு இருபது.

வனஜா முகம் தொங்கிப்போயிற்று. "என்ன இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நல்லாத்தானே மேடம் பண்ணியிருக்காங்க?"

"அதான் பிரச்சினை. இதுக்கு மேல எங்க வளர்றது? அடுத்த வாரம் மறுபடி வெக்கறேன். ஒண்ணும் தெரியாம ரெடி பண்ணி வைங்க."

பாலகுமார் ஆறு கம்ப்யூட்டரையும் ஒரு தரம் பார்த்தான். "பிள்ளைங்களா, எல்லாரும் முட்டை மார்க் வாங்கணும்."

ஏழாவது படிக்கும் ரக்ஷா எழுந்தாள். "கஷ்டம் சார். கண்ணை மூடிட்டுத் தொட்டாலே அஞ்சு சரியாயிடும். முட்டை வாங்கணும்னா இருபதும் தெரியணும்."

நியாயம். ஒரு வாரம் விழுந்து விழுந்து படித்தார்கள். ஆளுக்கொரு சுத்தமான முட்டை. வனஜாவும் சும்மா தொட்டுப் பார்த்தாள். நாலு.

"இன்னும் படிக்கணும் மிஸ்" என்றாள் ரக்ஷா, பரிதாபப்பட்டு.

ஆறு மாசம் ஆயிற்று. எல்லாருக்கும் இருபது. தாக்கம் நூறு சதவீதம்! கேக், கைதட்டல், போட்டோ. பிறகு வாசலில் ஒரு வேன். ஆட்கள் வந்து கம்ப்யூட்டரைத் தூக்கினார்கள்.

"என்ன மேடம் இது?"

"இங்க தேவை பூர்த்தியாயிடுச்சே! முட்டை வாங்கற ஸ்கூலுக்குத்தான் கம்ப்யூட்டர்."

ரக்ஷா ஒரு நொடிதான் யோசித்தாள். "மிஸ், எனக்கு எல்லாம் மறந்துபோச்சு!"

"எனக்கும்!" "எனக்கும் மிஸ்!" வகுப்பே பெஞ்சு மேல் ஏறிக் குதித்தது.

அங்கேயே டெஸ்ட். அத்தனையும் முட்டை. கம்ப்யூட்டர்கள் வேனிலிருந்து இறங்கின. வனஜா அறிக்கை எழுதினாள்: ‘அறியாமை மீண்டும் வெற்றிகரமாக எட்டப்பட்டது. திட்டம் நீட்டிக்கப்படுகிறது.’

மேலிடம் அசந்துபோயிற்று. இனி ஊழியர்களுக்கும் இதே முறைதான்: வருஷ ஆரம்பத்தில் முட்டை, முடிவில் முழு மார்க், உடனே பதவி உயர்வு. பாலகுமாருக்குக் கிடைக்காது. அவனுக்கு ஆரம்பத்திலேயே எல்லாம் தெரியுமாம்.

காக்ஸ் டவுனில் அவன் ஞாயிற்றுக்கிழமை நடத்தும் கோடிங் டியூஷனில் இப்போது முட்டை வாங்கக் கற்றுக்கொள்ள வந்த கம்பெனி மேனேஜர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முன் பெஞ்சில் வனஜா. போன வாரம் ஒரு பரீட்சை வைத்தான். அவரவர் பார்க்கும் வேலையைப் பற்றித்தான் கேள்வி.

ஆளுக்கு நாலு, அஞ்சு. முட்டை வாங்கும் அளவுக்கு அங்கே ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.