சுல்தானுக்கு அரைச் சொட்டு

"புழு!" என்றார் செயில்கான்.

தலை கண்ணாடித் தொட்டிக்குள் இருந்ததால் அந்தச் சொல் உள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி அவர் காதுக்கே திரும்பி வந்தது.

மனைவி கம்ஷாத் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். "யாருக்கு?"

"சுல்தானுக்கு. மண்ணு பூரா நெளியுது. வெள்ளையா, நூலு மாதிரி."

சுல்தான் ஒரு நத்தை. உள்ளங்கையை நிறைக்கும் ஆப்பிரிக்க நத்தை. அல்மாட்டி நகரத்தில் இருக்கும் மருமகள் தோக்ஜானின் செல்லம். அவளும் செயில்கானின் மகன் தெமிர்லானும் பத்து நாள் துருக்கிக் கடற்கரைக்குப் போகுமுன் இந்தச் சிற்றூர் சர்க்கானுக்கு வந்து, அதைத் தொட்டியோடு இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அன்று நான்காம் நாள்.

நத்தைக்குத் தீனி போடுவது மட்டும் என்றால் செயில்கான் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். தோக்ஜானுக்கு ஐந்து மாதம். அந்த ஊர் வழக்கப்படி முதல் பேரப்பிள்ளை தாத்தா வீட்டில்தான் வளரும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். செயில்கான் பரணிலிருந்து மரத்தொட்டிலை இறக்கி நீலச் சாயம் அடித்து, தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார். ஆனால் பட்டணத்து மருமகள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "முதல்ல சுல்தானைப் பத்து நாள் பாத்துக்கங்க மாமா. குழந்தையைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அதாவது, பரீட்சை. முப்பத்தோரு வருடம் அந்த வட்டாரத்து ஆடுகளுக்கெல்லாம் குடற்புழு நீக்கிய கால்நடை மருத்துவருக்கு, ஒரு நத்தையை வைத்துப் பரீட்சை.

"போன் பண்ணி உள்ளதைச் சொல்லிடுங்க. நம்மால முடியலன்னா முடியலதான்" என்றாள் கம்ஷாத்.

"வாயை மூடு! புழுவாம், எனக்கு முடியலையாம்! ஆட்டு டாக்டர் வீட்டுல புழுன்னா ஊரு சிரிக்காது?"

"சரி, பாருங்க. அஞ்சு மணிக்கு எனக்கும் ரௌசாவுக்கும் கார் வகுப்பு. ராத்திரி சாப்பாடு அடுப்பு மேல இருக்கும்."

ஐம்பத்தாறு வயதில் அவள் பக்கத்து வீட்டு ரௌசாவோடு சேர்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். செயில்கான் பூதக்கண்ணாடியைத் துடைத்தபடி, "இன்னும் நாலு மாசம் ஓட்டிக்கோ. குழந்தை வந்தப்புறம் அதுக்கெல்லாம் நேரம் ஏது? யாரு தூக்கி வச்சுப்பா?" என்றார்.

"அதானே, யாரு?" என்றாள் கம்ஷாத்.

செயில்கான் சுல்தானை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டினார். தொட்டியைக் கழுவினார். பழைய படுக்கையைக் கொட்டிவிட்டு, தோக்ஜான் கொடுத்திருந்த தேங்காய் நார்த்தூளைப் புதிதாகப் பரப்பினார். சர்க்கானில் பாதிப் பேர் தேங்காயைக் கண்ணால் கண்டதில்லை. சுல்தான் அதன்மேல் படுத்துறங்கியது.

ஆறாம் நாள் காலை பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. முன்பைவிட இரண்டு மடங்கு புழு.

"வயித்துக்குள்ள இருக்கு! உள்ளேயிருந்து வருது!" செயில்கான் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பாவம், அவகிட்ட மறைக்கிறது நல்லாவா இருக்கு? சொல்லிடுங்களேன்."

அவர் சொல்லவில்லை. ஆட்டு மருந்துப் புட்டியையும் காகிதத்தையும் எடுத்தார். நாற்பது கிலோ ஆட்டுக்கு எட்டு மில்லி. நூற்று நாற்பது கிராம் நத்தைக்கு? மூன்று முறை கணக்குப் போட்டார். மூன்று முறையும் அரைச் சொட்டுதான் வந்தது.

"அரைச் சொட்டை எப்படி வெட்டறது?"

"கத்தி தரவா?" என்றாள் கம்ஷாத்.

கடைசியில் ஒரு சொட்டை ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து, பாதித் தம்ளரைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு வெள்ளரித் துண்டை ஊறவைத்து உள்ளே வைத்தார். சுல்தான் கொம்பை நீட்டி மோந்தது. கொம்பை இழுத்துக்கொண்டது. தலையை இழுத்துக்கொண்டது. ஓட்டின் வாயில் வெள்ளையாக ஒரு தோலைப் போட்டு அடைத்துக்கொண்டு, அன்று முழுக்க வெளியே வரவேயில்லை.

"செத்துட்டானோ?" செயில்கான் ஓட்டைக் காதில் வைத்துக் கேட்டார். உள்ளே கடல் ஒலித்தது. அல்லது அவருடைய ரத்தக் கொதிப்பு.

ஏழாம் நாள் அவருக்கு வெறி வந்துவிட்டது. மண்ணையே வேகவைத்தால் எந்தப் புழு பிழைக்கும்? நார்த்தூள் முழுவதையும் ரொட்டித் தட்டில் கொட்டி, ரொட்டி அடுப்புக்குள் தள்ளினார். கால் மணி நேரத்தில் மழைக்காலக் காடு ஒன்று தீப்பிடித்த மாதிரி ஒரு வாசனை வீட்டை நிறைத்தது.

கார் வகுப்புக்குக் கம்ஷாத்தைக் கூப்பிட வந்த ரௌசா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்ன அண்ணே, விருந்தாளிக்குச் சமையலா?"

"புழுவுக்குச் சமாதி."

ரௌசா தட்டை எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அருமையான மண்ணாச்சே!" என்றவள் கம்ஷாத்தைப் பார்த்தாள். இருவரும் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டு அவசரமாக வெளியேறினார்கள்.

கதவு சாத்திய பிறகுதான் செயில்கானுக்கு உறைத்தது. தொட்டி காலி. சுல்தான் எங்கே?

நத்தை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பிராணி. மண் அடுப்புக்குள்.

தட்டை வெளியே இழுத்து வெறுங்கையால் கிளறினார். விரல் சுட்டது. ஊதினார், மறுபடி கிளறினார். நார், கரி, நார். ஓடு இல்லை. மேசைக்கடியில் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இல்லை. கண்ணெதிரே நீலத்தொட்டில் ஆளில்லாமல் ஆடுவதுபோல் தோன்றியது. பழைய படுக்கையைக் கொட்டிய குப்பை மேட்டில் தேடலாமென்று, பெஞ்சில் கிடந்த உரோமத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

வழுக்கைத் தலையில் கனமாக ஏதோ உட்கார்ந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மண்ணை அள்ளுமுன், கதகதப்பாக இருக்கட்டுமே என்று அவர்தான் சுல்தானைத் தொப்பிக்குள் வைத்திருந்தார்.

கைப்பேசி அலறியது. காணொளி அழைப்பு. தோக்ஜான்.

"என்ன மாமா, வீட்டுக்குள்ள தொப்பியோட?"

"இங்க குளிரும்மா."

"முகமெல்லாம் வேர்த்திருக்கே?"

"குளிர்ல வேர்க்கும். வயசாச்சுல்ல?"

"சுல்தான் எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன, தலைமேல தூக்கி வச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் செயில்கான். தன் வாழ்நாளில் அவர் இவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

அந்தக் கணத்தில் ஈரமாக, மெதுவாக, ஏதோ ஒன்று வழுக்கையின் நடுவிலிருந்து நெற்றியை நோக்கி நகர ஆரம்பித்தது. சுல்தான் வெளியே வந்துவிட்டது! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் அழைப்பைத் துண்டித்தார்.

அதற்குப் பிறகு புழு வரவில்லை. ஆனாலும் அவர் அடுப்பில் வெந்த மண்ணை நம்பவில்லை. தொட்டியில் ஈரக் காகிதம் விரித்து, காலை மாலை மாற்றி, ஒவ்வொரு வேளையும் சுல்தானை எடை போட்டு நோட்டில் எழுதினார். கம்ஷாத் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

பத்தாம் நாள் தோக்ஜான் வெயிலில் கறுத்துப்போய் வந்து இறங்கினாள். தெமிர்லான் காரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். செயில்கான் பொய் சொல்லத்தான் நினைத்திருந்தார். ஆனால் அவள் சுல்தானைக் கையில் எடுத்ததும் எல்லாம் கொட்டிவிட்டது: புழு, அரைச் சொட்டு, ரொட்டி அடுப்பு, தொப்பி.

"நான் தோத்துட்டேம்மா. குழந்தையை நீயே வச்சுக்கோ" என்று நோட்டை நீட்டினார்.

தோக்ஜான் சத்தமாகப் படித்தாள்: "எட்டாம் நாள் காலை. நூத்தி முப்பத்தொன்பது கிராம். வெள்ளரி தின்னல. முகம் வாட்டமா இருக்கு." அவள் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "மூணு வருஷமா வளர்க்கிறேன், இவனுக்கு முகம் இருக்கிறதே எனக்குத் தெரியாது மாமா. நத்தைக்கே இந்தப் பாடு பட்டா, என் பிள்ளையை எப்படிப் பாத்துப்பீங்க! பிறந்த நாப்பதாம் நாள் கொண்டாந்து விட்டுடறேன்."

செயில்கான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கம்ஷாத் ஊற்றிக்கொண்டிருந்த தேநீர், கிண்ணம் நிறைந்து, தட்டு நிறைந்து, மேசை விரிப்பில் ஓடியது.

கொல்லைக் கதவு திறந்தது. யார் வந்திருக்கிறார்கள் என்று அறியாத ரௌசா, காலணியைக் கழற்றியபடியே அங்கிருந்து குரல் கொடுத்தாள்:

"ஏய் கம்ஷாத், நீ கேட்ட மூணாவது பை புழு மண்ணும் என் பூந்தொட்டியிலேருந்து அள்ளிட்டு வந்துட்டேன், செடியைக்கூட ஒண்ணும் பண்ணாத புழு, இதைப் போட்டும் உன் மருமக 'இவங்ககிட்ட பிள்ளையை விடமாட்டேன்'னு சொல்லலேன்னா, காரை மறந்துட்டுத் தொட்டிலை ஆட்டக் கத்துக்கோடி!"